கண்ணளவு

ஜூன் 3, திங்கள்

பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம். கடையில் கால் வைக்க இடமில்லை. ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளும் விடுமுறையில் வளர்ந்துவிடுகிறார்கள். அத்தனை பெற்றோரும் அதைக் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். இன்று மட்டும் பதினோரு பாவாடை வெட்டினேன். கத்தரி பிடித்த விரல் இன்னும் நிமிரவில்லை.

எங்கள் வீட்டு ரேடியோவுக்கும், அதாவது என் மகளுக்கும், சீருடை தைக்க வேண்டும். பதினாலு வயதாகிறது மகாராணிக்கு. அளவெடுக்கக் கடைக்கு வரச் சொன்னேன். "அப்புறம் வரேன்ப்பா" என்றாள், மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. சரி, அவளுக்கு எதற்கு டேப்? பிறந்ததிலிருந்தே கண்ணளவில்தான் தைக்கிறேன், ஒரு தடவையும் தப்பியதில்லை. தெருவில் போகிறவரைப் பார்த்தே தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவேன். மனைவி பேருந்து நடத்துனர். ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே எங்கே இறங்குவார் என்று சொல்வாள். இப்படி ஒரு ஜோடிக்குப் பெற்ற பெண்ணின் அளவு தெரியாதா?

ஜூன் 7, வெள்ளி

வெட்டு மேசைக்கு அடியில் ஒரு பாபின் உருண்டு போய்விட்டது. தவழ்ந்து போய் எடுத்துவிட்டு நிமிர்ந்தால், பலகையின் அடிப்பக்கத்தில் நீலச் சாக்பீஸில் வரிசையாக மனிதர்கள். முட்டைத் தலை, குச்சிக் கை, ஒவ்வொருவர் வயிற்றிலும் பெரிய பெரிய பட்டன். ஐந்து வயதில் அவள் போட்டது. ஒன்பது வருடமாக அழியாமல் இருந்திருக்கிறது. அங்கே யார் துடைக்கப் போகிறார்கள்?

அப்போதெல்லாம் பள்ளி விட்டதும் அவள் குடித்தனம் அந்த மேசைக்கு அடியில்தான். வெட்டுத் துணியில் மெத்தை, காலி நூல்கண்டில் பிள்ளைகள். வாய் மட்டும் ஓயாது. "இன்னைக்கு ரேடியோவுல என்ன செய்தி?" என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம், செய்திகள்" என்பாள். "பச்சைச் சட்டை மாமாவுக்கு பட்டன் தெறிச்சிடுச்சு. ஏன்னா அவர் நிறைய சாப்பிட்டுட்டார். செய்திகள் முடிந்தன." பச்சைச் சட்டை மாமா எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார்.

பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடம் முன்பு பள்ளி நாடகத்துக்கு உடைகள் தைத்து எடுத்துப் போனேன். மண்டபம் நிறையப் பிள்ளைகள். கூட்டத்தில் அவளைக் கண்டதும் வாசலில் இருந்தே "ஏய் ரேடியோ!" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டு ஓடி வந்து என் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாள். அந்த நாளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

இந்த ஒரு வருடமாகத்தான் செய்தி குறைந்துவிட்டது. வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும். சீருடை தயார். போட்டுப் பார்க்கச் சொன்னால், "சரியாதான் இருக்கும்" என்கிறாள். அப்பா மேல் அவ்வளவு நம்பிக்கை!

ஜூன் 10, திங்கள்

மூக்குடைந்தது.

பள்ளி திறக்கும் நாள். அறையிலிருந்து வெளியே வந்தாள். தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழியில் நின்றது. பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு விரல் இடைவெளி. "வளர்ற பொண்ணாச்சே, கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்னு விட்டேன்" என்று சப்பைக்கட்டு கட்டினேன். மனைவி ஊக்கு எடுத்துக் குத்தி அனுப்பினாள்.

சாயங்காலம் என் டேப்பை வாங்கிக்கொண்டு அவள் அறைக்குள் போனாள். வந்து எண்ணைச் சொன்னாள். இடுப்பு இருபத்து மூன்றரை. எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னாள். போன வருடப் பாவாடையைத் தேடி எடுத்து அளந்து பார்த்தேன். அது இருபத்தாறரை. போன வருடம் அது அவளுக்குச் சரியாக இருந்தது.

ஊரார் தோளையும் கழுத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவன் நான். என் வீட்டில் ஒரு பெண் மூன்று அங்குலம் இளைத்திருக்கிறாள். தொளதொள சட்டையும் மூடிய கதவுமாக இருந்தாள். நான் எதைப் பார்த்துத் துணி வெட்டினேன்?

ஜூன் 13, வியாழன்

தெருமுனை டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்" என்றார். மருந்து ஆரஞ்சு நிறம்.

வகுப்பு ஆசிரியையைப் போய்ப் பார்த்தாள் மனைவி. அந்த அம்மா சொன்னது: "முன்னெல்லாம் வாய் ஓயாம பேசிட்டே இருப்பா. இப்போ ரொம்ப அமைதி. நல்ல மாற்றம்தானே?"

ஜூன் 18, செவ்வாய்

பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றாள்.

ஜூன் 19, புதன்

இன்றும்.

ஜூன் 21, வெள்ளி

தட்டில் வைத்த ரொட்டி அப்படியே இருந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடா கண்ணு, என்ன பண்ணுது?" என்று கேட்டாள். "ஒண்ணும் பண்ணல. அதான் பிரச்சினை. ஒண்ணுமே பண்ணத் தோணல" என்றாள் மகள். ஒரு மாதத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம் இதுதான்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றால் மனசுக்குத்தான் பார்க்க வேண்டும் என்று மனைவி முடிவு கட்டிவிட்டாள். அவளுக்கு எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. விடுப்பு போட்டுவிட்டுத் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்தாள். பிள்ளைகள் மருத்துவமனையில், பன்னிரண்டு வயது வரைதான் பார்ப்போம் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில், பதினெட்டு முடியட்டும் என்றார்கள். "அப்போ நடுவுல இருக்கிற பிள்ளைங்க அத்தனை வருஷமும் எங்க போய் நிக்கும்? பஸ் ஸ்டாப்லயா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் பாட்டு போட்டுவிட்டார்கள். தனியார் ஒருவர் இருக்கிறார். இடம் கிடைப்பது ஜனவரியில். பழைய துண்டறிக்கையில் இருந்த உதவி எண்ணைக் கூப்பிட்டால் பெயின்ட் கடை. அந்த ஆள் கோபப்படவே இல்லையாம். "வாரத்துக்கு ரெண்டு பேராவது கேக்கிறாங்கம்மா. எனக்கும் சொல்லத் தெரியல" என்றாராம். எனக்கு அந்த ஆளைப் போய்ப் பார்க்கவேண்டும் போல் இருந்தது.

ஜூன் 25, செவ்வாய்

பொத்தானுக்கு வந்தவர், "எங்கே மாஸ்டர், ரேடியோ சத்தத்தையே காணோம்?" என்றார். வயிற்றுக் கோளாறு என்றேன். நேற்று வந்தவரிடம் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றேன். பள்ளி திறந்து இரண்டு வாரம், என்ன பரீட்சை! பொய்யைக்கூட ஒழுங்காகத் தைக்க வரவில்லை.

வீட்டில் சண்டை. "யாருக்கும் தெரியக்கூடாதுன்னா யார்கிட்டதாங்க வழி கேக்கிறது? நாளெல்லாம் நாலு பேர் வர்ற கடை. வாயில என்ன குண்டூசியா வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி. உண்மையாகவே வைத்திருந்தேன். மடிப்புக்குக் குத்த நாலு ஊசி. வேலை நேரத்தில் அது ஒரு சௌகரியம். பதில் சொல்ல வேண்டாத கேள்விக்கெல்லாம் வாயைக் காட்டிவிடலாம்.

ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தேன். நாளைக்கு மகளைப் பற்றி ஏதாவது பேசுவார்களே என்று. அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, எனக்காகத்தான். ரேடியோவின் அப்பா என்ற பெருமையை விட மனசு வரவில்லை.

ஜூன் 28, வெள்ளி

நர்ஸம்மா வந்தார். பின் தெரு சுகாதார நிலையத்தில் வேலை. பத்து வருடமாக அவருடைய வெள்ளைக் கோட்டு நான்தான் தைக்கிறேன். கை மடிப்பைப் பிரித்து விடச் சொன்னார். குனிந்து மணிக்கட்டை அளந்துகொண்டிருந்தேன். பொண்ணு எப்படி இருக்கா என்று கேட்டார், எல்லோரும் கேட்பதுபோலத்தான். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். "நல்லா இல்ல நர்ஸம்மா" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. ஐம்பது வயது ஆள், அடுத்தவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "ஏன் மாஸ்டர், எங்க மாடியிலேயே இருக்கே! செவ்வாயும் வெள்ளியும் பிள்ளைங்க மனசுக்குன்னே ஒரு டாக்டரம்மா வராங்க. பதினெட்டு வயசு வரைக்கும் பார்ப்பாங்க. ரெண்டு வருஷமா நடக்குது. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்" என்றார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். "அந்த ரூமுக்கு ஜன்னல் திரை தெச்சது நீங்கதானே?"

அவர் போனதும் அளவு நோட்டைப் புரட்டினேன். இருக்கிறது. மஞ்சள் துணி, நாலு ஜன்னல், ஏழு அடி உயரம். எழுத்து என்னுடையதுதான். எந்த அறைக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். நடந்தால் ஐந்து நிமிடம்.

ஜூலை 2, செவ்வாய்

வரமாட்டேன் என்றாள். "நான் பைத்தியம் இல்ல" என்று கத்தினாள். மனைவி சத்தம் போடவில்லை. "ஒரு தடவை ஏறித்தான் பாரேன். பிடிக்கலன்னா அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கோ. நானே விசில் அடிக்கிறேன்" என்றாள். ஏறினாள்.

மாடியில் நீளமான அறை, வட்ட மேசை, கலர் பென்சில் டப்பா. என் மஞ்சள் திரைகள். நாலில் ஒன்றை யாரோ தலைகீழாக மாட்டியிருந்தார்கள், அடிமடிப்பு மேலே இருந்தது. கை பரபரத்தது. நான் அதையே பார்ப்பதை மகள் பார்த்துவிட்டாள். உதடு லேசாகக் கோணியது. அது சிரிப்பா என்று தெரியாது, நான் சிரிப்பு என்றே வைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா அவளோடு தனியாக முக்கால் மணி நேரம். பிறகு எங்களோடு. உங்க பொண்ணைப் பத்திச் சொல்லுங்க என்றார். கேட்க வேண்டுமா! மேசைக்கு அடியில் குடித்தனம், வணக்கம் செய்திகள், பச்சைச் சட்டை மாமா, எல்லாம் சொன்னேன். அந்த அம்மா சிரித்துக் கேட்டார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, எத்தனை நாளாயிற்று இதையெல்லாம் பேசி.

"ரொம்ப அழகா இருக்கு. இதெல்லாம் எப்போ?"

"அஞ்சு, ஆறு வயசுல."

"போன மாசம் எப்படி இருந்தா? என்ன பிடிக்குது அவளுக்கு? யாரோட பேசறா?"

வாயில் ஊசி இல்லை. ஆனாலும் பதில் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

எப்படி எழுதுவது - மகள் சொல்லச் சம்மதித்த பிறகுதான் டாக்டரம்மா எங்களிடம் சொன்னார். சில நாள் காலையில் முழிக்கவே வேண்டாம் என்று தோன்றுமாம். "நாளைக்குன்னு ஒண்ணு வராமலே இருந்தா நல்லா இருக்கும்" - அவள் சொன்ன வார்த்தை அப்படியே. என் பொண்ணு. என் பொண்ணு இதை மனசுல வெச்சுக்கிட்டு பக்கத்து ரூம்ல படுத்திருந்திருக்கா, நான் இந்தப் பக்கம் காஜா எடுத்துட்டு இருந்திருக்கேன்.

மனைவி கேட்டாள், அதைப் பற்றி அவளிடம் பேசலாமா, பேசினால் இன்னும் அதிகமாகிவிடாதா என்று. "கேளுங்க. நேராவே கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் வராது. தனியா சுமக்கிறதுதான் கஷ்டம்" என்றார். கொஞ்ச நாளைக்குத் தனியாக விட வேண்டாம், அவசரமென்றால் எந்த நேரத்திலும் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்த எண்ணைப் பரிசோதித்தேன். பெயின்ட் கடை இல்லை. ஒரு பெண் குரல் எடுத்தது. மன்னிக்கணும், இருக்கீங்களான்னு பார்த்தேன் என்றேன். "இருக்கோம் சார்" என்றார்.

ஜூலை 16, செவ்வாய்

இன்று என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார்கள். மகள் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, என்னை ரேடியோன்னு கூப்பிடாத."

அந்த நாடக மண்டபம். நான் வாசலில் இருந்து கத்திய அன்றைக்குத்தான் அந்தப் பேர் வகுப்புக்குப் போயிருக்கிறது. மறுநாளிலிருந்து அவள் வாயைத் திறந்தாலே, "ரேடியோவை ஆஃப் பண்ணுடா." பாடத்தில் சந்தேகம் கேட்டால், "ஸ்டேஷன் மாத்து." ஒருநாள் பாடம் நடத்தியவரே சிரித்துவிட்டாராம். கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். ராத்திரி கடை மூடி வந்ததும் நான் வேறு வாசலிலிருந்தே கேட்பேன், இன்னைக்கு ரேடியோவுல என்ன செய்தி என்று.

"அன்னைக்கு நீயும் சிரிச்சியேம்மா" என்றேன், முட்டாள்.

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தப்பா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு வருடமாக எடுத்து எடுத்துப் பார்த்து மகிழ்ந்த நாள் அது. அந்த நாளிலேயே அவள் எனக்காகச் சிரித்திருக்கிறாள்.

வெளியே வரும்போது டாக்டரம்மா தனியாகச் சொன்னார், இது ஒன்று மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பல இழைகள் இருக்கும் என்று. பள்ளியிலும் தானே வந்து பேசுவதாகச் சொன்னார். தலையாட்டினேன்.

ஜூலை 17, புதன்

"ரே-" வரை வந்து விழுங்கிவிட்டேன். மூன்று தடவை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பள்ளி விட்டு நேராகக் கடைக்கு வருகிறாள். தனியாக இருக்க வேண்டாம் என்று ஏற்பாடு. வீட்டுக்குப் போனால் அம்மா வரும்வரை யாரும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறாள். பேச்சு கிடையாது. எனக்கும் பேசாமல் இருப்பது பழகி வருகிறது. இத்தனை வருடம் அவள் பேச்சைக் கேட்டிருக்கிறேன். அவள் சும்மா இருக்கும்போது கீழுதட்டைக் கடிப்பாள், இடது கையால்தான் நூலை அறுப்பாள் என்பதெல்லாம் இந்தப் பதினைந்து நாளில்தான் தெரிகிறது.

"என்ன மாஸ்டர், ரேடியோ ரிப்பேரா?" என்றார் ஒருவர். ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டே சொன்னேன்: "அந்தப் பேர் இப்போ கிடையாதுங்க. கொஞ்ச நாளா மனசு சரியில்லாம இருந்தா, வைத்தியம் பார்க்கிறோம்." அந்த மனிதர் கிட்டே வந்தார். பிறகு, "என் பையனுக்கும் பதினாறு. எங்கே பார்க்கிறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். மகள்தான் பதில் சொன்னாள், பட்டனிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "பின் தெரு, மாடியில. செவ்வாய், வெள்ளி."

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மேசைக்கு அடியில் இருக்கும் ஓவியத்தைக் காட்டினேன். பயந்துகொண்டேதான். பழசைக் கிளறாதே என்று சொல்லிவிடுவாளோ என்று. குனிந்து பார்த்தாள், பிறகு கால் நீட்டிப் படுத்தே பார்த்தாள். "இது பச்சைச் சட்டை மாமாதானே? ச்சே, இவ்வளவு கேவலமாவா வரைஞ்சேன்?" என்றாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். இருவரும் மேசைக்கு அடியில் கொஞ்ச நேரம் கிடந்தோம். வாடிக்கையாளர் ஒருவர் வந்து, ஆளைக் காணோம் என்று திரும்பிப் போயிருக்கிறார்.

செப்டம்பர் 5, வியாழன்

மூன்று நாளாகப் படுக்கையை விட்டு எழவில்லை. சாப்பாடு இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேனே. மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். அந்த எண்ணைக் கூப்பிட்டோம். இந்தத் தடவை பரிசோதிக்க இல்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

மாடிக்குக் கூட்டிப்போனோம். "இறங்கி ஏறித்தான் போகும். இந்தத் தடவை அவளே உங்ககிட்ட சொன்னாளே, அதைப் பாருங்க" என்றார் டாக்டரம்மா. ஆமாம், சொன்னாள். திங்கட்கிழமையே வந்து, "மறுபடி வருதும்மா" என்று சொன்னாள்.

திரையைச் சரியாக மாட்டிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கடை விடுமுறை. துணி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். ஒரு பழுப்புத் துணியை உருவி, "இதுல எனக்கு ஒரு நீளச் சட்டை தெச்சுத் தரியா?" என்றாள். நான் அவளுக்கு என்று எடுத்தால் மஞ்சளோ ரோஜாவோதான் எடுத்திருப்பேன். இந்தப் பழுப்பை யாராவது வயதானவருக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். தோளில் போட்டுக் காட்டினாள். அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

டேப்பை எடுத்தேன். "ஏன், கண்ணளவு போதாதா?" என்றாள். கிண்டலா, நிஜமா? "என் கண்ணை நம்பறதுக்கில்லம்மா" என்றேன். தோள், கை, மார்பு, இடுப்பு. பதினாலு வருடத்தில் முதல் தடவையாக என் மகளுக்கு அளவெடுத்தேன். இடுப்பு இருபத்து நாலே கால். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, பேர் எழுதும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு தடுமாறினேன். இத்தனை காலம் கூப்பிட்ட பேர் அந்த ஒன்றுதான். நோட்டை வாங்கித் தன் பேரை அவளே எழுதினாள், முழுசாக, அடியில் ஒரு கோடும் போட்டு.

அக்டோபர் 18, வெள்ளி

சாயங்காலம் கடையில் கூட்டம். நர்ஸம்மாவும் இருந்தார். மகள் விறுவிறுவென்று உள்ளே வந்து பழுப்புச் சட்டையை மேசையில் போட்டாள்.

"என்னப்பா தெச்சிருக்க? இடுப்பு பிடிக்குது. உட்கார முடியல."

"டேப் வெச்சு எடுத்த அளவும்மா அது."

"அப்போ உன் டேப் தப்பு."

அங்கேயே நிற்க வைத்து அளந்தேன். இருபத்தைந்தரை. இன்னொரு தடவை அளந்தேன். "என்ன மாஸ்டர், சொந்தப் பொண்ணே குறை சொல்றாளே!" என்று நர்ஸம்மா சிரித்தார். தொழிலுக்கு வந்து இருபத்தாறு வருடம், எத்தனையோ பேர் குறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு குறையைக் கேட்டதில்லை. கண் கலங்கி ஊசியில் நூல் ஏறவில்லை. அவள் ஊசியை வாங்கிக் கோர்த்துக் கொடுத்தாள்.

உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைத்திருந்தேன். உட்கார்ந்து பிரித்தேன்.

"சீக்கிரம்ப்பா" என்றாள். "நாளைக்குப் போட்டுக்கணும்."